ஏது கேட்கும் பிள்ளைகள்

பிள்ளைகளுக்கு வாதம் செய்யக் கற்பிக்கலாமா என்னும் வினா பழைமையானது. கிரேக்க நாட்டுப் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் ஏழாம் பகுதியில் இதற்குத் தயக்கமின்றி விடை கூறுகின்றார். முப்பது அகவை நிரம்பாதாரிடம் தருக்கக் கலையை ஒப்படைக்கலாகாது என்பது அவர் துணிபு. இளையோர் அதன் சுவையைக் கண்டுவிட்டால், அணுகியவரையெல்லாம் சொல்லால் கடித்துக் குதறும் நாய்க்குட்டிகள் ஆகிவிடுவர் என்று அவர் அஞ்சினார். பலரை மறுத்தும் பலரால் மறுக்கப்பட்டும் முடிவில் எதனையும் நம்பாதவராய் ஒழிவர் என்றும் கருதினார். நகைப்புக்கு இடமான உவமைதான். ஆயினும் பதின்மூன்று அகவைப் பிள்ளை உள்ள வீட்டார் எவரும் அதனை எளிதில் தள்ளிவிட மாட்டார்.

நான் பெங்களூர் விவேக் நகரில் வாழ்பவன். வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு திருத்தலத்துக்கு வருவோரால் எங்கள் தெருக்கள் நிறையும்; வழிபாடு தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடைபெறும். மும்மொழியும் கலந்து செவியில் விழும் இப்பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், எழுத்தறியார். பணி ஓய்வுக்குப் பின் அவர்களுள் ஏழெட்டுப் பேரை ஞாயிறுதோறும் வீட்டு மாடியில் அமர்த்தித் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்து வந்தேன். 2020 மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது; மாடி வகுப்பு நின்றது. பெற்றோர் வேண்டியதால் கைப்பேசித் திரையில் அதனைத் தொடர்ந்தேன்.

திரையில் எழுத்துப் பயிற்சி ஏறவில்லை. ஒரு பிள்ளை எழுதுவது எனக்குத் தெரியாது. நான் எழுதுவது இன்னொரு பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரியும். சலித்துப்போய் ஒரு ஞாயிறன்று, "இன்று பாடம் இல்லை. ஒரு வினாத் தருகிறேன். அடுத்த வாரம் விடையோடு வாருங்கள். விடை மட்டும் போதாது, ஏதுவும் வேண்டும்" என்றேன். வினா இதுதான்: நம் ஊருக்குப் பெங்களூர் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

இவ்வாறு வினாவைக் கையில் கொடுத்து, இணையத்தில் தேடவிட்டு, தேடியதைக் கொண்டு வாதிடச் செய்யும் முறைக்கு மேலை நாட்டில் ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். 1995-இல் அமெரிக்காவின் சான் டியேகோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் என்பார், டாம் மார்ச் என்பாரோடு சேர்ந்து இத்தகைய பயிற்சிக்கு 'வெப்குவெஸ்ட்' எனப் பெயரிட்டு வடிவம் தந்தார். வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியவர் அவருக்கும் முந்தியவர். ஆங்கில நாட்டு மெய்யியலார் ஸ்டீபன் டூல்மின், கூற்று, அதற்குரிய தரவு, தரவையும் கூற்றையும் இணைக்கும் நியாயம், மறுப்புக்கு விடும் இடம் எனப் பகுத்து 1958-இல் நூல் எழுதினார். இவை நல்ல நூல்கள். ஆயினும் மணிமேகலை படித்தவனுக்கு இவை முற்றிலும் புதியன அல்ல. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் உரைக்கும் காதையில் முதலில் கற்பிப்பது வீடுபேற்றை அன்று, அளவையை. பக்கம் என்பது கூற்று. ஏது என்பது அதனை நிறுவும் காரணம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை உடைமையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இவை ஒவ்வொன்றுக்கும் போலி உண்டு என்று காட்டி, போலிகளை எண்ணிக் கணக்கிட்டும் தருகிறார் அடிகள். துறவு பூணும் இளம்பெண்ணுக்கு முதற்பாடம் போலியைக் கண்டறிதல்! நம் முன்னோர் பிளேட்டோவின் அச்சத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை போலும்.

நிற்க. அடுத்த ஞாயிறு வந்தது. எட்டுப் பிள்ளைகளும் ஒரே விடையோடு வந்தனர். போசள மன்னன் வீரபல்லாளன் வேட்டையில் வழி தவறினான். ஒரு கிழவி அவனுக்கு வெந்த அவரைப் பருப்பைத் தந்து பசியாற்றினாள். நன்றி மறவாத மன்னன் அவ்விடத்துக்குப் 'பெந்த காளூரு' எனப் பெயரிட்டான். அதுவே பெங்களூரு ஆயிற்று. இக்கதையை அறியாதார் இவ்வூரில் இல்லை.

"ஏது என்ன?" என்றேன்.

"நூறு பக்கங்களில் இருக்கிறது ஐயா" என்றான் ஒருவன். நான் வியக்கவில்லை. டியன்னா குன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் பல அகவையினரிடம் வாதத்திறனை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட நூலில், வளர்ந்தோருள்ளும் பலர் சான்று கேட்டால் சான்று தருவதில்லை, பொருந்தச் சொன்ன ஒரு கதையையே தருகின்றனர் என்று காட்டியுள்ளார். கதை பொருந்தினால் போதும்; அது மெய்யாகிவிடுகிறது. நூறு பேர் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டா.

அங்கேதான் இணையத்தின் இயல்பு எனக்கு விளங்கிற்று. காண்டல், கருதல், உரை என நம் அளவை நூலார் அறிவின் வாயில்களைப் பகுப்பர். புத்தர் வழியினர் முதலிரண்டை மட்டுமே ஏற்றனர். சைவர் மூன்றாவதையும் ஏற்றனர். வஞ்சியில் மணிமேகலை கண்ட அளவைவாதியோ பத்து வரை அடுக்குகிறான். எவ்வாறாயினும், திரையில் வருவதில் காண்டல் சிறிது. ஏறக்குறைய முற்றும் உரையே. யாரோ ஒருவர் சொன்னார் என்பதே. முன்னாளில் உரையைக் கொள்வதற்கு உரைத்தவன் யார் என்று கேட்டனர். இன்று உரைத்தவனுக்கு முகம் இல்லை. ஒருவர் எழுதியதைத் தொண்ணூற்றொன்பதின்மர் படியெடுத்தால், சான்று ஒன்றேயாம், நூறன்று. இதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "நூறு பக்கத்தையும் விடுங்கள். மன்னனுக்கு முன்னரே இப்பெயர் இருந்ததா என்று மட்டும் பாருங்கள்" என்றேன்.

அவ்வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். மாடியில் அமர்ந்த ஈராண்டும் அவள் வாய் திறந்ததில்லை. திரையில் முகத்தையும் காட்டமாட்டாள். கறுப்புச் சதுரமாகவே இருப்பாள். அந்தச் சதுரத்திலிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தது: 'பேகூரில் ஒரு கல் இருக்கிறதாம் ஐயா.' எனக்கு மணிமேகலை நினைவுக்கு வந்தாள். இளம்பெண் கேட்டால் சமயவாதிகள் தம் பொருளை உரையார் என்பதனால், அவள் மாதவ வடிவம் கொண்டு உருமாறி நின்றே வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியையும் வினவினாள். முகம் மறைத்தலைத் திரை வகுப்பின் குறையாகவே நாம் பேசுகிறோம். சிலருக்கு அதுவே வினாவும் உரிமையைத் தருகிறது. எழுதுவதற்கு முன் எண்ணிப் பார்க்கவும் இடம் தருகிறது.

பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள அக்கல், கங்கர் காலத்துப் பழங்கன்னட எழுத்தால் ஆயது, கி.பி. 890-ஐ ஒட்டியது. பெங்களூர்ப் போரில் பட்ட ஒருவனை அது குறிக்கின்றது. இரண்டாம் வீரபல்லாளன் ஆண்டதோ 1173 முதல் 1220 வரை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்த பெயரை அவன் எப்படி இட்டிருக்க முடியும்? பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். அவரைப் பருப்பு தோற்றது! 1537-இல் கோட்டை கட்டிய கெம்பே கௌடரே பெயரிட்டிருப்பார் என்று நினைத்திருந்த ஒருவனும் அமைதியானான்.

ஆரவாரம் அடங்கியபின், கல் எதனை நிறுவியது, எதனை நிறுவவில்லை என்று பிரிக்கச் சொன்னேன். இங்குத்தான் கடினம். பெயர் மன்னனுக்கு முந்தியது என்பது நிறுவப்பட்டது. பெயரின் பொருள் என்ன என்பது நிறுவப்படவில்லை. காவல் ஊர் என்பார் உளர். 'பெங்க' எனக் கன்னடத்தில் வழங்கும் வேங்கை மரத்தால் பெற்ற பெயர் என்பார் உளர். சான்று நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிட வேண்டும் என்றபோது பிள்ளைகள் முகம் வாடின. வென்றவனுக்கு நிற்கப் பிடிப்பதில்லை.

மூன்றாம் வாரம் நிகழ்ந்ததை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். வகுப்பில் மூத்தவன், பதினான்கு அகவையினன், முகம் ஒளிர வந்தான். மடிவாளம் சோமேசுவரர் கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் 1247-ஆம் ஆண்டினது எனப்படும் ஒன்று, வெங்காலூர்ப் பெரிய ஏரியின்கீழ் நிலம் கொடுத்ததைக் கூறுகிறது என்று படித்துவிட்டு வந்திருந்தான். "வெங்காலூர், ஐயா! தமிழில்! அப்படியானால் இந்த ஊர் நம்முடையது" என்றான்.

என் நெஞ்சம் அவன் பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காரணம் உண்டு. 1991 திசம்பரில் காவிரிச் சிக்கலை ஒட்டி இந்நகரில் தமிழர்மேல் வன்முறை நிகழ்ந்தபோது, வீட்டு வாயிற்பலகையில் இருந்த தமிழ் எழுத்தின்மேல் காகிதம் ஒட்டி மறைத்தவருள் நானும் ஒருவன். அந்தக் காகிதத்தின் பசை இன்றும் என் விரலில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். அன்று எவரேனும் இக்கல்வெட்டை எனக்குக் காட்டியிருந்தால், அதனை ஒரு கேடயமாகவோ வாளாகவோதான் ஏந்தியிருப்பேன். இப்போது ஒரு சிறுவன் அதை ஏந்தி நிற்கிறான். 'நன்று தம்பி' என்று சொல்லி முடித்துவிட எனக்கு ஆசை எழுந்தது. பேகூர்க் கல் முந்நூற்றைம்பது ஆண்டு மூத்தது என்பதை அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. ஆயினும் நான் வாய் திறக்கவில்லை.

கறுப்புச் சதுரம் திறந்தது. 'பேகூர்க் கல் கன்னடத்தில் இருக்கிறதே அண்ணா. அது பழையது ஆயிற்றே' என்று எழுதினாள் அச்சிறுமி.

திரையில் எவரும் பேசவில்லை. சிறுவனின் முகம் இருந்த இடம் இருண்டது. அவன் வகுப்பிலிருந்து வெளியேறிவிட்டான்.

வாதம் கற்பித்தலின் அறச்சிக்கல் இங்குத்தான் உள்ளது என இன்று கருதுகின்றேன். பிறர் கூற்றை உடைக்கக் கற்பிப்பது எளிது. அவரைப் பருப்பை எவரும் உடைப்பர். தான் விரும்பும் கூற்றுக்கு எதிரான சான்றைத் தானே தேடி எடுத்து அவையில் வைப்பதைக் கற்பிப்பது அரிது. அதிலும் இணையம் இதற்கு நேர்மாறான பழக்கத்தை ஊட்டுகின்றது. 'வெங்காலூர் தமிழ்' என்று தேடுவானுக்கு வெங்காலூர் தமிழே வரும். எதிர்ப்பக்கத்தான் வேறு சொல்லால் தேடி வேறு உலகைக் காண்பான். இருவரும் நிரம்பச் சான்று உடையவராவர். இருவரும் ஒருவரையொருவர் காணார். வள்ளுவர் சொல்வன்மையையும் அவை அஞ்சாமையையும் பொருட்பாலில் வைத்தார். வாய்மையை அறத்துப்பாலில், அதுவும் துறவறத்தில் வைத்தார். வைப்புமுறைக்கு வேறு காரணம் கூறுவாரும் இருக்கலாம். எனக்கோ, பேச்சுத்திறன் நாட்டை ஆள்வோனுக்கும் அமைச்சனுக்கும் உரிய கருவி, வாய்மையோ ஒன்றைத் துறந்தாலன்றி வாராத பேறு என்று அவர் சொல்லாமல் சொல்வதாகவே படுகின்றது. துறக்க வேண்டியது தன் பக்கத்தின்மேல் உள்ள பற்று. அன்று பதின்மூன்று அகவைச் சிறுமி துறந்தாள். அறுபதைக் கடந்த நான் துறக்கவில்லை.

எம் வட்டத்துப் பெரியவர் ஒருவர் இதனைக் கேட்டுச் சினந்தார். "அயலூரில் வாழும் பிள்ளைக்குத் தமிழ்ப்பற்றை ஊட்டாமல் ஐயத்தை ஊட்டுகிறீரே, இது தகுமா?" என்றார். அவர் வினாவை எளிதில் தள்ள முடியாது. சிறுபான்மையினர்க்குப் பற்று ஒரு கூரை. கூரையை ஓட்டை இட்டுப் பார்ப்பது விளையாட்டன்று. ஆனால் நூற்றைம்பது பேர் கூடும் அவையில் அப்பையன் தன் வெங்காலூரைச் சொல்லி, வேற்றார் ஒருவர் பேகூர்க் கல்லை எடுத்து வீசியிருந்தால்? ஐயத்தைத் தன் ஆசிரியரிடம் பெறாதவன் அதனைப் பகைவரிடம் பெறுவான். இதனை அவரிடம் சொன்னேன். அவர் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை.

சிறுவன் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தான். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தான். இரண்டு கல்லும் ஊர் யாருடையது என்று சொல்லவில்லை, ஒரு கல் ஒருவன் இறந்ததைச் சொல்கிறது, ஒரு கல் ஒருவன் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது, கொடுத்தவனும் வேப்பூர்க்காரன், அதாவது இன்றைய பேகூர், எழுதியது தமிழில், ஆகையால் இங்குத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் அன்று இருந்தார்கள் என்று மட்டும் சொல்லலாம். இவ்வளவே அவன் படித்தது. பின்பு அச்சிறுமியை நோக்கி, "நீ சொன்னது சரி" என்றான். சதுரம் கறுப்பாகவே இருந்தது.

அவன் கூற்று முன்னையதைவிடச் சிறியது. ஆனால் அதனை எவரும் அசைக்க முடியாது. 1991-இல் அணியமாகிப் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை நினைத்துக்கொண்டேன். அதே திங்களில் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டும் இரு பக்கத்தும் பேச்சுக்குக் குறைவில்லை.

அண்மையில் ஒரு பையன் செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் ஊர்ப்பெயரைப் பற்றி இரு பக்கமும் வாதிடச் சொல்லிக் கொண்டுவந்து காட்டினான். இரண்டையும் ஒரே மிடுக்கோடு எழுதியிருந்தது. பொங்கல் நாளில் தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் பேசும் நண்பர்களை அது நினைவூட்டிற்று. (பட்டிமண்டபம் என்னும் சொல் சிலம்பிலும் மேகலையிலும் ஆளப்பட்ட பழஞ்சொல், அன்று அங்கே ஏறியோர் தாம் கொண்ட பொருளுக்காக ஏறினர், இன்று பக்கம் ஒதுக்கித் தரப்படுகிறது.) பொறிக்குப் பக்கம் இல்லை, ஆகவே விட்டுக்கொடுக்கவும் ஒன்றும் இல்லை. அந்தத் தாளைக் கேட்கும்போது, 'நீ சொன்னது சரி' என்ற அந்தப் பையனின் குரல் நடுங்கியது என் காதில் ஒலித்தது.

வீடுகளில் தொல்லை வந்தது உண்மை. "எதற்கெடுத்தாலும் ஏது என்ன, ஏது என்ன என்கிறான் ஐயா. மாலைக்குள் குளிக்க வேண்டும் என்றால் அதற்கும் திட்டாந்தம் வேண்டுமாம்" என்று ஒரு தாயார் முறையிட்டார். பிளேட்டோவின் நாய்க்குட்டி! நான் நன்னூலை எடுத்துக் காட்டினேன். கன்னட நாட்டோடு உறவுடைய கங்கர் மரபிற் பிறந்த சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய அந்நூல், ஆசிரியர் உரைத்ததை முற்றும் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கால் பங்கு புலமையே வாய்க்கும், உடன் பயில்வாரோடு பழகிக் கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்து அரைப் பங்கும் பெறுவான் என்னும் கருத்துப்படச் சொல்கின்றது. அப்படியாயின் எங்கள் பாடத்தில் முக்கால் பங்கு நான் தந்ததன்று. அந்த அம்மையார், "அரைப் பங்கை என்னிடம்தான் எடுத்துரைக்க வேண்டுமா?" என்றார். விடை தெரியாமல் சிரித்தேன்.

தொற்று தணிந்தபின் பிள்ளைகளை மடிவாளத்துக்கு அழைத்துச் சென்றேன். கோரமங்கலத்தைத் தாண்டினால் வந்துவிடும் தொலைவுதான். கோயிற் சுவரில் கல்லெழுத்துகள் வரிவரியாய் ஓடுகின்றன. சிறுவன் விரலால் தடவிக்கொண்டு நடந்தான். 'வெங்காலூர்' எங்கே என்று அனைவரும் தேடினர். கிரந்தமும் தமிழும் கலந்த பழைய வடிவம். எனக்கு நாலைந்து எழுத்துக்குமேல் பிடிபடவில்லை. வெயில் ஏறியது. தேடிய சொல் கிடைக்கவில்லை.

அப்போது அச்சிறுமி, முதன்முதலாகத் தன் குரலில், "ஐயாவுக்கே இதைப் படிக்கத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாது, அம்மா."

"பிறகு இதில் இருக்கிறது என்று எப்படிச் சொன்னீர்கள்?"

படித்த அறிஞர்கள் அச்சிட்டு வைத்ததை நம்பினேன், கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் இருக்கிறது என்றேன். அவள் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துத் திறந்து, எழுதுகோலை மூடி நீக்கினாள்.

"எந்தத் தொகுதி, ஐயா? எத்தனையாவது பக்கம்?"